நுனியைச் சீவத் தெரிந்தவர்கள்

தோல் பெல்ட் வாங்குகிறவர்களிடமும், வார இறுதியில் பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்கிறவர்களிடமும் ஒரு மூடநம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. தடிமன்தான் தரம் என்பது. 4 மி.மீ. தோல், தலையிலிருந்து வால் வரை ஒரே கனம், எங்கேயும் கத்தி படாதது. அதுதான் அசலாம், மற்றதெல்லாம் டுபாக்கூராம். பக்கிள் மாட்டுகிற இடத்தில் தோலைச் சீவி மெலிதாக்கியிருந்தால், 'தோல மிச்சம் புடிச்சிட்டான் சார், ஏமாத்து வேல' என்கிறார்கள்.

நானும் வார இறுதியில் தோல் வேலை செய்கிறவன்தான். மற்ற ஐந்து நாளும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். என் மேசை ஓரத்தில் கைப்பிடி வைத்த ஒரு ஸ்பிளிட்டர் இருக்கிறது. வாரின் நுனியை மெலிதாக்கும் கருவி. 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. அந்தக் கருவியோடு மூன்று வருடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நுனியைச் சீவாத பெல்ட்தான் அரைகுறை வேலை. இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்றால், வேண்டும். ஏனென்றால் 'சீவுவது ஏமாற்று' என்ற பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. அது தோலைப் பற்றியது இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தோல்.

ஒரு பெல்ட்டின் பக்கிள் முனை எப்படி வேலை செய்கிறது? வாரின் ஒரு முனையில் நீள்வட்டமாக ஒரு துளை வெட்டுகிறோம். பக்கிளின் நாக்கு அதன் வழியே வெளியே வரும். பக்கிள் கம்பியைச் சுற்றி வாரை மடித்து, மடித்த வாலைப் பின்பக்கம் கொண்டுபோய் தைக்கிறோம், அல்லது ரிவெட் அடிக்கிறோம். கம்பி 4 மி.மீ. விட்டம், தோலும் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் தோலின் நடுக்கோடு, கம்பியின் மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி வளைகிறது. வெளிப்பரப்போ 6 மி.மீ. தள்ளி வளைகிறது. அதாவது மேல்தோல், நடுத்தோலைவிட ஒன்றரை மடங்கு நீண்டாக வேண்டும். தோலின் அடுக்குகளில் முதலில் வெடிப்பு விடுவது அந்த வழவழப்பான முடிப்பக்கம்தான். இரண்டு மாதத்தில் மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்பு வருவதற்குக் காரணம் இதுதான். தோல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அதே இடத்தில் தோலை 2 மி.மீ. ஆக்கினால் நடுக்கோடு 3, வெளிப்பரப்பு 4. நீட்சி ஐம்பது சதவீதத்திலிருந்து முப்பத்துமூன்றுக்கு இறங்குகிறது. இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பட்டையின் விறைப்பும் தடிமனின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. தோல் இரும்பு மாதிரி ஒரே சீரான பொருள் இல்லை என்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகம் கிடையாது. சீவிய தோல் கம்பியைக் கட்டிப்பிடிக்கும். சீவாத தோல் கம்பியிடமிருந்து விலகி, கொண்டை மாதிரிப் புடைத்து நிற்கும். 4 மி.மீ. மேல் 4 மி.மீ., தொப்புளுக்குக் கீழே 8 மி.மீ. கட்டை ஒன்று. உட்காரும்போதெல்லாம் அது வயிற்றைக் குத்தும்.

'சரி, மெலிசாக்கினா பலம் போயிடாதா?' நியாயமான கேள்வி. மடிப்பில் இருப்பது ஒரு அடுக்கு அல்ல, இரண்டு. இடுப்பின் இழுவையை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் பாதிச் சுமைதான் தூக்குகிறது என்றால் ஒவ்வொன்றும் பாதித் தடிமன் இருந்தால் போதும். 2 மி.மீ. கூட்டல் 2 மி.மீ. என்பது வாரின் முழு 4 மி.மீ. நாக்குத் துளைக்காக நடுவில் கொஞ்சம் தோல் போகிறதே என்பீர்கள். மறுமுனையில் ஓட்டைகள் போடுகிற இடத்திலும் அதே அளவுதான் ஏறக்குறையப் போகிறது, அங்கே இருப்பது ஒரே அடுக்கு. அந்த ஓட்டைகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. சங்கிலியின் மற்ற கண்ணிகள் தாங்குவதைவிட ஒரு கண்ணியை மட்டும் இரட்டிப்பாக்கினால் சங்கிலி பலமாகிவிடாது, கனமாகும், அவ்வளவுதான்.

ஆக, எங்கே தடிமன் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிவதுதான் வேலை. அந்த அறிவு கத்தி முனையில் நடக்கிறது.

ஸ்பிளிட்டரைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். மேலே குறுக்காக ஒரு அகலக் கத்தி, சவரக்கத்தி மாதிரித் தீட்டியது. அதன் கீழே ஒரு உருளை. உருளைக்கும் கத்திக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மிஞ்சப்போகும் தோலின் தடிமன். வாரின் முடிப்பக்கம் உருளைமேல் படிய, சதைப்பக்கம் கத்தியைப் பார்க்க வைத்து, கைப்பிடியை அழுத்தி, வாரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். சதைப்பக்கம் சுருள்சுருளாக உரிந்து விழும். குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்தவர்கள் பயன்படுத்திய கருவி இது. 1826இல் தொடங்கிய சி. எஸ். ஆஸ்போர்ன் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் தோல் கருவிகள் பற்றிப் பேசும் யாருக்கும் தெரியும். என்னிடம் இருப்பது அதைப் பார்த்துச் செய்த நகல்.

கருவி இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் இருக்கிறது விஷயம். சும்மா அழுத்திப் பிடித்து இழுத்தால், கத்தி இறங்கிய இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு விழும். 4 மி.மீ. திடீரென்று 2 மி.மீ. ஆகிற அந்தக் கோட்டில்தான் வளைவு முழுக்க வந்து குவியும், அங்கேதான் வார் பிற்பாடு வெடிக்கும். அதனால் இழுக்க இழுக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். வார் சரிவாக மெலிந்து, நுனியில் காகிதமாக முடிய வேண்டும். நடுவில் நின்றால் தழும்பு. ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்பட்டால் கத்தி ஆழமாகக் கடித்து, வாலே கையோடு வந்துவிடும். இரண்டு மூன்று இழுப்பில் எடுப்பதுதான் முறை. பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் சொன்ன பேச்சு கேட்கும். குரோமில் பதனிட்ட மெத்தென்ற தோல் கத்தியின் முன்னால் சுருண்டு மக்கர் பண்ணும். ஒரே மாட்டின் தோலில்கூட முதுகுப் பகுதி ஒரு மாதிரி, வயிற்றுப் பகுதி ஒரு மாதிரி. வயிற்றுத்தோல் இழை தளர்ந்தது, உருளையில் நசுங்கி, ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் சீவப்படும். கைக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். இயந்திரத்துக்குத் தெரியாது.

இப்போது அந்த இன்னொரு பேச்சுக்கு வருகிறேன்.

சென்னை பெரியமேட்டுக்கு நான் தோல் வாங்கப் போவேன். அங்கே ஒரு கடை ஓரம், பெல்ட் வெட்டித் தருகிற, அறுந்த பை வார்களைச் சரிசெய்கிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஸ்பிளிட்டர் கிடையாது. ஒரு கருங்கல் பலகை, வாய் அகன்ற ஒரு கத்தி, ஒரு குத்தூசி, ஒரு சுத்தியல். வாரின் நுனியைக் கல்லில் வைத்து, இடது கை விரல்களால் அழுத்தி, கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளுவார். ஆறு தள்ளு, சில சமயம் ஏழு. ஒரு நாள் அவர் சீவி முடித்த வாலை வாங்கி வெர்னியரில் அளந்து பார்த்தேன். மடிப்பு விழுகிற இடத்தில் 2.1, அடுத்து 1.6, நுனியில் 0.6. நடுவில் படிக்கட்டே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிற சரிவு. 

"எப்படிங்க கணக்கு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"கணக்கு என்னா கணக்கு. கட்டையா இருந்தா மடியாது. மடியற வரைக்கும் சீவு."

"இன்னும் சீவினா?"

"அறுந்துடும். அதுக்கு முன்னாடி நிறுத்து." வெர்னியரைக் காட்டி, "அத்த உள்ள வெய் தம்பி, மடிச்சுப் பாரு" என்றார்.

நான் மேலே இரண்டு பத்தியில் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவர் கையில் இருப்பதும் பொறியியல்தான். அதற்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அப்போது பைக்கில் ஒரு பையன் வந்தான். என்னைவிட வயதில் சிறியவன். மடிக்கணினிப் பையின் வார் பிய்ந்திருந்தது. பெரியவர் வாரின் நுனியைச் சீவி, வளையத்தில் மடித்து, தைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் ஆனது. அறுபது ரூபாய் என்றார். "இதுக்குப் போயி அறுவதா? நாப்பது வெச்சுக்க." வெச்சுக்க. அவன் தாத்தா வயதுக்காரரிடம். என் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் வண்டிய நகத்திக்கிறீங்களா?" என்றான். எங்கள் இரண்டு பேர் கையிலும் அப்போது தோல்தான் இருந்தது. சாரும் 'ங்க'வும் எனக்கு, 'வெச்சுக்க' அவருக்கு. இதை இலக்கணப் பாடமாக எடுத்துக்கொள்வதானாலும் சரி, சமூகவியல் பாடமாக எடுத்துக்கொள்வதானாலும் சரி, உங்கள் விருப்பம்.

இதே நகரத்தில் வார இறுதித் தோல் பட்டறை ஒன்றுக்கும் போயிருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு 3,500 ரூபாய், காபி உட்பட. சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், இரண்டு வருட அனுபவம் உள்ளவர். நுனி சீவுவதை 'ஒரு வகைத் தியானம்' என்றார். மேசையில் ஜெர்மன் கத்தி, ஜப்பானியக் குத்தூசி, பிரெஞ்சு நூல். அங்கே பேசிய மூன்று மணி நேரத்தில் இத்தாலியத் தோல் வந்தது, ஆங்கிலேயச் சேணக்காரர்கள் வந்தார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் முன்பிருந்தே கப்பல் ஏற்றிய ஊர்கள் இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன என்பது வரவில்லை. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று 2008இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது அந்தத் தோல். குரோம்பேட்டையின் பெயரே ஒரு குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இலிருந்து இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஸ்கைவிங்குக்கென்று தனி மிஷின்கள், அதை ஓட்டத் தெரிந்த பெண்கள். இவ்வளவும் சுற்றி இருக்க, தோல் சீவுவது ஏதோ ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய கலை என்கிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஏன் இந்த மறதி? பதில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோலைத் தொட்டவர்களைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்த சமூகம் இது. தோலைப் பதனிட்டவர்கள், செருப்புத் தைத்தவர்கள், கவலைக்குத் தோல்பறி தைத்துக் கொடுத்து நம் பாட்டன்மார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வைத்தவர்கள், பெரும்பாலும் அருந்ததியர்களும் மற்ற தலித்துகளும்தான். அவர்கள் சாதிப் பெயரை இன்றும் வசவாகப் பயன்படுத்துகிற வாய்கள் இருக்கின்றன. அந்தத் தோலை நாம் தொட வேண்டுமென்றால் அதை முதலில் அவர்களிடமிருந்து கழுவியாக வேண்டும். இத்தாலியும் ஜப்பானும் அந்தக் கழுவுகிற தண்ணீர். கருவியின் விலையும் அதற்கு உதவுகிறது. 18,000 ரூபாய் மிஷினில் சீவினால் கைவினை. கல்லில் வைத்துச் சீவினால் அறுபதா, நாற்பதா.

'சீவுவது ஏமாற்று' என்ற நம்பிக்கை எங்கிருந்து தைரியம் பெறுகிறது என்று இப்போது பாருங்கள். செருப்புத் தைக்கிறவருக்கு ஏதோ கைப்பழக்கம் இருக்கலாம், அறிவு இருக்காது என்ற முன்முடிவிலிருந்து. அவர் தோலை எடுத்தால் அது திருட்டாகத்தான் இருக்க வேண்டும், காரணமாக இருக்க முடியாது. உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. தோல் ஆலைகளில் பெரிய பட்டைக்கத்தி இயந்திரத்தில் முழுத்தோலையே கிடைமட்டமாகப் பிளப்பார்கள். மேல் அடுக்கு ஒரு விலைக்குப் போகும். கீழே மிஞ்சும் அடுக்குக்கு பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து, தோல் மாதிரி வரியும் அச்சடித்து, 'ஜெனுவின் லெதர்' என்று முத்திரை குத்தி விற்பதும் உண்டு. நடுவில் அட்டை வைத்து, மேலும் கீழும் மெல்லிய தோலை ஒட்டித் தைத்த பெல்ட்டும் கடையில் தொங்குகிறது. கனமாகவே இருக்கும், தடிமனாகவே இருக்கும். அதைக் குளிர்சாதனக் கடையில் சொன்ன விலைக்கு வாங்குகிறோம். சந்தேகமெல்லாம் நடைபாதைக்காரர் மீதுதான்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வரும் என்று தெரியும்.

முதல் அடி என் நண்பர்களிடமிருந்து. "தொழில் திறமையைப் போற்றுகிறேன் என்று கிளம்பினால் கடைசியில் குலக்கல்வியில்தான் போய் நிற்பாய்" என்பார்கள். பயம் நியாயமானது. 1953இல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு கொதித்தது. அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொதிப்பு இல்லாவிட்டால் இன்று என்னோடு மென்பொருள் எழுதும் பலர் அந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டார்கள். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்ததும், தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே நினைவிலிருந்துதான்.

ஆனால் ஒரு கேள்வி. பிள்ளை அப்பாவின் தொழிலைச் செய்யக் கூடாது என்பதற்காக, அப்பாவின் தொழிலில் அறிவே இல்லை என்று சொல்ல வேண்டுமா? பெரியவரின் பேரன் கத்தியைத் தொட வேண்டியதில்லை, அவன் வழக்கறிஞர் ஆகட்டும், வேறெதுவும் ஆகட்டும். அவர் இன்று சீவுகிற வாலுக்குச் சரியான கூலி வேண்டும் என்பது இன்றைய கணக்கு. ஒருவருடைய வேலையை 'சும்மா கைப்பழக்கம்' என்று சொல்வதில்தான் கூலிக் குறைப்பு தொடங்குகிறது. திறன் உள்ள தொழிலாளி, திறனற்ற தொழிலாளி என்று கூலிப் பட்டியல்களில் கோடு கிழிப்பவர்கள் யாரும் கல்லில் வைத்து ஒரு வாரைச் சீவிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறப்போடு தொழிலைக் கட்டுவதை எதிர்க்கிறவர்கள்தான், தொழிலில் உள்ள அறிவுக்கு உரக்கச் சாட்சி சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேச்சைக் குலப்பெருமைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொண்டும் விட்டார்கள்.

இரண்டாவது அடி கைவினை ரசிகர்களிடமிருந்து. "அவர் கையால் செய்வதில்தான் அழகே இருக்கிறது, மிஷின் கொடுத்துக் கெடுத்துவிடாதே" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். கையால் செய்வதன் அழகு, மாதக் கடைசியில் வேறெங்கிருந்தோ சம்பளம் வருகிறவர்களுக்குத் தெரிகிற அழகு. கல்லில் குனிந்து குனிந்து பெரியவரின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இடது கை ஆட்காட்டி விரலில் பழைய வெட்டுத் தழும்புகளை எண்ணலாம். ஒரு முறை என் ஸ்பிளிட்டரின் படத்தைச் செல்போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கத்தி கழட்டித் தீட்டலாமா?" தீட்டலாம் என்றேன். "அப்ப ஒரு நாளைக்கு முப்பது பெல்ட்டு அடிக்கலாம்" என்றார். கைவேலையின் ஆன்மா பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அந்த மிஷின் தேவை, என்னைவிட அதிகமாகத் தேவை. என் வீட்டில் அது ஆறு நாள் தூசி வாங்குகிறது. விஸ்வகர்மா திட்டத்தில் கருவிகளுக்கென்று 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். பட்டியலில் உள்ள 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. மாநிலத் திட்டத்தில் மானியத்தோடு கடன் உண்டு. எந்த அரசின் பணம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. விண்ணப்பிக்கத் தெரிந்தவன் நான், தகுதி உள்ளவர் அவர். நடுவில் இருப்பது ஒரு இணையதளமும் ஒரு ஆதார் எண்ணும் இரண்டு மணி நேரமும். படித்த நாம் ஒரு நாள் சாயங்காலத்தைக் கொடுத்தால் முடிகிற வேலை. நடைபாதைக் கலைஞனைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் போடுவதைவிடக் குறைவான உழைப்புதான்.

இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இப்படிப்பட்ட பட்டறைகளை நடத்துகிறவர்கள், போகிறவர்கள். உங்களிடம் நான் கேட்பது குற்றவுணர்ச்சி இல்லை. அதை வைத்து யாருக்கும் ஒரு வேளைச் சோறு வராது. அடுத்த பட்டறையில் நுனி சீவச் சொல்லிக்கொடுக்க, நாற்பது வருடம் சீவியவரைக் கூப்பிடுங்கள். மூலையில் உட்கார்ந்து 'செய்து காட்டுகிற' ஆளாக வேண்டாம், ஆசிரியராக. உங்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், போகவர வண்டிச் செலவு, 'வாங்க, உக்காருங்க' என்கிற பேச்சு. பத்துப் பேர் 3,500 கொடுத்து வந்து உட்காரும் அறையில் இதற்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது.

அவர் வெர்னியரை உள்ளே வைக்கச் சொல்வார். வைத்துவிடுங்கள்.